அப்பா போட்ட தகவல் மனு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் மேசையில் உள்ளதெல்லாம் பறக்கிறது. தபாலில் தகவல் உரிமை மனு மூன்று. இரண்டு பேர் வழக்கமான ஆட்கள். ஒருவருக்கு நூறு நாள் வேலைக் கணக்கு வேண்டும், இன்னொருவருக்குத் தெருவிளக்கு. மூன்றாவதில் அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா.

பேசி மூன்று வருஷம். அருளை நான் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அவர் பாட்டுக்குச் சம்பங்கித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். போன் செய்தால் எடுப்பார். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். அம்மா போனபின் அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

பெறுநர்: உயர்திரு பொதுத் தகவல் அலுவலர் அவர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகம். அது நான்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 9, புதன்

நேற்றுப் படிக்கத் தைரியம் வரவில்லை. இன்று படித்தேன். அவர் கையெழுத்து, வரி மேலே ஏறி ஏறிப் போகிறது.

1. எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது?
2. உங்கள் ஆபீசில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? அதில் தண்ணீர் வருமா?
3. சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீர்கள்? பெண்களை இருட்டும்வரை இருக்க வைப்பது உண்டா?
4. மே மாதம் மருத்துவ விடுப்பில் போன துணை பி.டி.ஓ. வேலைக்குத் திரும்பிவிட்டாரா?
5. அவர் நல்லா இருக்காரா?

தொட்டி சும்மா ஒரு சாக்கு. துணை பி.டி.ஓ. நான். வயிற்றில் ஆபரேஷன் நடந்ததை அவருக்கு நான் சொல்லவில்லை. பூ மார்க்கெட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே. தபால் பிரிவு பழனியம்மாள் அக்கா: "என்னம்மா, கண்ணு செவந்துருக்கு?" காற்றில் தூசி என்றேன். நம்பவில்லை. மனுவை நீட்டினேன். படித்துவிட்டு, "அடப் பாவி மனுசா" என்றார்.

இரவு அருளிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?" போன பொங்கலுக்குப் போய், பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினோம். இன்னொரு முறை அதைத் தாங்க முடியாது.

ஜூலை 14, திங்கள்

ஓர் ஊழியரின் விடுப்பு விவரத்தைக் கொடுக்கும் முன், அவருக்கு ஆட்சேபணை உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது நான். கேட்கப்பட வேண்டியதும் நான். எனக்கு நானே கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கி, "ஆட்சேபணை இல்லை" என்று பதிலும் எழுதினேன். பழனியம்மாள் அக்கா இரண்டுக்கும் எண் போட்டார், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. பிறகு பீரோ பின்னால் போய்ச் சிரித்தார்.

திரும்பி வந்து ஒரு யோசனை: "பேசாம முடியாதுன்னு எழுதிவிடுங்க. உங்கப்பா அப்பீல் போடுவாரு. நம்ம பி.டி.ஓ. ஐயா ரெண்டு பேரையும் கூப்புட்டு உக்கார வச்சு விசாரிப்பாரு. அப்ப மூஞ்சியப் பாத்துத்தான ஆகணும்?"

அக்கா சொல்வது சரிதான். எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்துவிட்டால் மனு முடிந்துபோகும். அப்புறம் எனக்கு எழுத அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அவரவர் அப்பா வந்து மகளை அழைத்துப் போகிறார்கள். எனக்கு மனு.

முடியாது என்று எழுத மனம் வரவில்லை. என் கையெழுத்தோடு அப்படி ஒரு தாள் அவர் கைக்குப் போகவே கூடாது. பதில் அடித்தேன். தொட்டி கழுவிய பதிவு, நகலுடன். கழிப்பறை உண்டு, தண்ணீர் வருகிறது (சில நாள் வராது, அது எந்தக் கோப்பிலும் இல்லை). ஐந்தே முக்காலுக்கு விடுவோம், அதற்கு மேல் இருக்கச் சொல்லி உத்தரவு ஏதும் இல்லை. துணை பி.டி.ஓ. பணிக்குத் திரும்பிவிட்டார்.

ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். "நலமாக உள்ளார்" என்று அடித்தேன். அழித்தேன். கோப்பில் இருப்பதைத்தான் தரலாம். நான் நலம் என்று எந்தக் கோப்பில் இருக்கிறது? "இது குறித்து ஆவணம் ஏதும் இல்லை." அப்படியே விட்டுவிட்டேன். சட்டத்துக்குப் பயந்தா, வேறு ஆசையிலா, எனக்கே விளங்கவில்லை. கடைசியில் வழக்கமாகப் போடும் வரி, திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம் என்பது. அதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சிலிண்டர் பதிய வேண்டும். அருளுக்கு இருமல்.

நாலு மணிக்கு பி.டி.ஓ. ஐயா கூப்பிட்டார். கையில் மேல்முறையீடு. ஒரே வரி: ஐந்தாவது கேள்விக்குப் பதில் வரவில்லை.

"யாரும்மா இவரு? ஒன் மேல ஏதும் கோவமா?"

"எங்கப்பா சார்."

கண்ணாடியைக் கழற்றினார். மனுவை முதலிலிருந்து படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது. "இருபதாம் தேதி. ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் போட்டுரு" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். பச்சைச் சேலை. அருள்தான் எடுத்துக் கொடுத்தார்.

அப்பா வந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தார்.

"சொல்லுங்க பெரியவரே, என்ன கொறை?" என்றார் ஐயா.

"கொறையெல்லாம் இல்ல சார். நாலு கேள்விக்கு மேடம் வெவரமா எழுதியிருக்காங்க." மேடம்! "அஞ்சாவதுதான் வரல."

"ஆவணம் இல்லைன்னு எழுதியிருக்காங்களே?"

"ஆபீஸ்ல இல்லாம இருக்கும் சார். அவுகளுக்குத் தெரியும்ல?"

ஐயா என் பக்கம் திரும்பினார். "பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்லுங்க."

"நல்லா இருக்கேன்ப்பா. தையல் ஆறிருச்சு. இப்ப வலியில்ல."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எளச்சுட்டியே" என்றார்.

"நீங்களுந்தான்."

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவை எடுத்தார். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "கோரிய தகவல் நேரில் வழங்கப்பட்டது. எனவே இந்த மேல்முறையீடு முடித்து…"

அப்பா எட்டி அவர் கையைப் பிடித்தார்.

"முடிச்சுறாதீங்க சார். செத்த நேரம் போகட்டும்."