கிளிப் போட்ட பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான். அப்பாவுக்கு விலா எலும்பு கூடிவிட்டது, தும்மல் வந்தால் மட்டும் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, பிளம்பரைக் கூப்பிட வேண்டாம் என்று அவரே ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது. கார் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மனுஷன், ஒரு குழாயிடம் தோற்றுப்போனார். நான் சிரித்தேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முன்பெல்லாம் அவரும் கூடச் சிரிப்பார்.

அப்பாவின் கார் பந்தய சீசன் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பதினொரு பந்தயம் முடிந்தது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. பதினெட்டுக் காரில் பதினான்காவதாக வந்ததுதான் இந்த வருஷத்தின் பெரிய சாதனை. இரண்டு தடவை கடைசி, மூன்று தடவை பாதியிலேயே நின்றுவிட்டது, அதில் ஒன்றுதான் சுவரில் மோதி விலாவை உடைத்துக்கொண்டது. மேல் வீட்டு டீச்சர் திங்கட்கிழமை தவறாமல் படியில் நின்று, சார் எத்தனையாவது என்று கேட்பார். பேப்பரில் முதல் பத்துப் பேரைத்தான் போடுகிறார்கள், அதனால் பாவம் அவருக்கு வேறு வழியில்லை. நான் இப்போது திங்கட்கிழமைகளில் பின்பக்க வாசல் வழியாகப் போய் வருகிறேன். கார் மட்டமான கார்தான், அதில் பொய் இல்லை. வளைவில் திரும்பினால் பின்பக்கம் சறுக்குகிறது, நேர் பாதையில் மற்றவர்கள் பக்கத்தில் வந்து கையசைத்துவிட்டுப் போகிறார்கள். அதனால் நம் வீட்டில் வருஷம் முழுக்க ஒரே பேச்சுதான், கார் சரியில்லை. அப்பா சொல்வார், நான் ஆமாம் என்பேன், நீயும் ஞாயிறு போனில் அதையே சொல்வாய். இனி அதைச் சொல்லாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் அவர் பக்கத்திலேயே இருப்பார்.

அப்பாவுக்கு விலா உடைந்து டாக்டர் இரண்டு வாரம் படுக்கச் சொல்லியிருந்தாரே, அந்த நாட்களில் காரைச் சோதித்துப் பார்க்க குழு முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். உன்னைவிட மூன்று நான்கு வயது சின்னவளாக இருப்பாள், அமைதியான பெண், எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஹெல்மெட்டைப் போட்டாள். சோதனை நாளில் பந்தயத் தடத்தில் நேரம் காட்டும் திரை எல்லாம் ஓடாது. என் ஸ்டாப்வாட்ச்தான் கணக்கு. அப்பா வீட்டில் படுத்திருந்தாலும் நீ போய் நேரம் எடுத்துவா என்று அவரே அனுப்பினார். அதே கார், அதிலும் தேய்ந்த பழைய டயர். அந்தத் தடத்தில் இந்த வருஷம் அப்பாவின் மிகச் சிறந்த சுற்று ஒரு நிமிஷம் நாற்பத்து மூன்று விநாடி. அந்தப் பெண் ஆறாவது சுற்றிலேயே ஒரு நிமிஷம் நாற்பத்தொன்றில் வந்தாள். என் விரல்தான் பிசகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த சுற்றும் நாற்பத்தொன்று, அதற்கு அடுத்ததும் அதுதான். இரண்டு விநாடி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருபது சுற்று ஓடினால் அவள் வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பாள், அப்பா கடைசி வளைவில் இருப்பார். மெக்கானிக் என் தோளுக்குப் பின்னால் நின்று வாட்சைப் பார்த்தார். துடைத்த கையையே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்கா, இத அண்ணன்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா?" என்றார். நான் அடுத்த சுற்றுக்கு வாட்சை அழுத்தினேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாக நான் எடுக்கும் நேரத்தை நோட்டில் எழுதுவேன், சாயங்காலம் அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்து, காதில் சொருகியிருக்கும் சிவப்புப் பென்சிலால் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். எவ்வளவு மோசமான எண்ணாக இருந்தாலும் டிக் போட்டுவிடுவார். டிக் போட்டால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம், அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சு கிடையாது. நான் ஒரு நாளும் எண்ணைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நீ பிறப்பதற்கு முந்தின வாரம்கூட வயிற்றின்மேல் நோட்டை வைத்து எழுதியவள் நான். அன்றைக்கும் வாட்சில் வந்ததைத்தான் நோட்டில் எழுதினேன், பொய் எழுத என் கைக்கு வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் படுக்கையிலிருந்தபடியே எவ்வளவு என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன். நாற்பத்து நான்கு, அவளுக்கும் ஓடவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்து ஒரு கிளிப்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, டயர் குறிப்பு ஒன்று பார்க்க வேண்டும் என்று நோட்டைக் கேட்டு வாங்கினார். நான் குழம்பைக் கிளறும் சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன். திருப்பிக் கொடுத்தபோது கிளிப் போட்ட இடத்திலேயே இருந்தது, மூச்சு வந்தது. மறுநாள் டாக்டர் சொன்னதையும் மீறி எழுந்துபோய் முடி வெட்டிக்கொண்டு விசிலடித்தபடி வந்தார், இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் உண்டா என்று நானும் மகிழ்ந்துபோனேன், அசடு.

அந்த வாரமே முதலாளி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். அடுத்த வருஷம் அந்தப் பெண் ஓட்டட்டும், நீங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள், இடம் எப்போதும் உங்களுக்கு உண்டு என்றார். அப்பா எழுந்து நின்று, "காரைச் சரிபண்ண முடியல, என்னை இறக்குறீங்க" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். வாட்ச் என் கையில்தானே இருந்தது, ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். காப்பி ஆறுகிறது என்று சொன்னேன். பத்தே நாளில் அப்பா அடுத்த வருஷத்துக்கு வேறொரு குழுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாங்கள் கடைசியாக வராத நாட்களில் கடைசியாக வருகிறவர்கள் அவர்கள்தான். அந்தக் காரில் போன சீசனில் இரண்டு தடவை பிரேக் போய்விட்டது. அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இப்போதெல்லாம் பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறார், அந்தச் சுவர் அவர் கண்ணுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. ஒரு நிமிஷப் பொய்யால் நானே அவரை அந்தக் காரில் ஏற்றிவிட்டேன் என்று இத்தனை நாளாகத் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். நீ சொன்னால் கேட்பார், உண்மையான எண்களை உனக்கு எழுதி அனுப்பி உன்னைச் சொல்லச் சொல்லலாம் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நோட்டை எடுத்துவந்து கிளிப்பைக் கழற்றினேன். மகளே, அந்தப் பெண்ணின் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சில் டிக் இருக்கிறது. ஒன்றைக்கூட விடவில்லை. அன்று சாயங்காலமே பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுக் கிளிப்பை இருந்த மாதிரியே மாட்டிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் விசிலும் முடிவெட்டும் எனக்காகத்தான். எல்லாம் தெரிந்தேதான் முதலாளியிடம் அப்படிப் பேசியிருக்கிறார், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் குற்ற உணர்ச்சி இருந்தாலும் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. இனி அதுவும் இல்லை, சொல்வதற்கு என்னிடமும் ஒன்றுமில்லை, உன்னிடமும் இல்லை. நேற்று அடுத்த சீசனுக்கென்று புது நோட்டு ஒன்று வாங்கிவந்து என் தலையணைப் பக்கத்தில் வைத்தார். முதல் பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறார். நான் போகத்தான் போகிறேன், வேறு யார் அவருக்குச் சரியான எண்ணை எழுதுவார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க என் ஆசிகள். குளிர் நாளில் தலையை ஈரத்தோடு விடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கார் சரியில்லை என்று எப்போதும் போலவே சொல்லு. சொல்லாதே என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பதில் எழுதினால் குழாயைப் பற்றி மட்டும் எழுது, தபாலை அவர்தான் முதலில் பிரிக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா