நீங்கள் அறுத்த தந்திகள்

என்னைப் பெற்ற அய்யாவுக்கு,

போன வாரம் போடியில் உங்கள் படத்தைத் திறந்தார்கள். பெரிய பிடில் வித்வான், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவர், கீர்த்தனைகள் இயற்றியவர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். உங்கள் சீடர் சுந்தரம் அண்ணன் குரங்கணிக்கு ஜீப்பு அனுப்பி என்னையும் வரவழைத்திருந்தார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. எனக்குக் கண்ணீர் வரவில்லை அய்யா.

அந்த ஏலக்காய் வியாபாரி வீட்டுக் கல்யாணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்குப் பதினாறு வயசு. பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் கல்யாணி ராகக் கீர்த்தனையை உங்களோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னீர்கள். நடுவில் எனக்குத் தோன்றியதை வாசித்தேன். கூட்டம் அடங்கிப் போனது. கல்யாண வீட்டு ஆத்தா, உங்களுக்கென்று வைத்திருந்த சால்வையை என் தோளில் போட்டு, "வித்வானே, ஒங்க மக ஒங்கள மிஞ்சிட்டா" என்றார். நீங்கள் சிரித்தீர்கள்.

மறுநாள் காலையில் பாக்குவெட்டியை எடுத்து, என் பிடிலின் தந்திகளை ஒவ்வொன்றாக அறுத்தீர்கள். "இனிமே ஒனக்குச் சோலி அடுப்படியிலதான்" என்றீர்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளுக்கும் அடி விழும். அந்த ஐப்பசியிலேயே குரங்கணி மலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள். பிடில் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தீர்களா?

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். தந்தியில்லாத அந்தப் பிடிலை அம்மா என் துணிகளுக்கு அடியில் மறைத்து அனுப்பினாள். அதைப் பார்த்த உங்கள் மருமகன், ஏலக்காய் லோடு இறக்கப் போடிக்குப் போனவர், புதுத் தந்தி வாங்கி வந்தார். "வாசி புள்ள. இங்க ஒன்ன யாரு தடுக்கப் போறா?" என்றார். காய் பொறுக்கும் பெண்கள் நடுவில் உட்கார்ந்து வாசித்தேன். சொந்தமாகப் பாட்டுக் கட்டினேன். அந்தச் சேதி உங்கள் காதுக்கு வந்ததே, ஒரு தடவையாவது மலையேறி வந்து கேட்டீர்களா?

படத்திறப்பில் சுந்தரம் அண்ணன், "அய்யா பாட்டு ஒண்ணு வாசி தங்கச்சி" என்றார். நான் மேடையேறி, நீங்கள் எனக்குச் செய்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணன் பதறிப்போனார்.

"செத்தவரப் பத்தி இப்பிடிப் பேசலாமா?"

"உயிரோட இருக்கையில பேச விட்டாராண்ணே?"

பிறகு, நான் கட்டிய பாட்டை வாசித்தேன். உங்கள் சீடர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அம்மா மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஓரமாக வைத்திருந்த உங்கள் படத்துக்கு முதுகைக் காட்டி, கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் கீர்த்தனைகள் நல்ல கீர்த்தனைகள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவற்றை இனி நான் தொட மாட்டேன்; அதற்கு உங்கள் சீடர்கள் இருக்கிறார்கள். அம்மா இப்போது என்னோடு குரங்கணியில் இருக்கிறாள். உங்கள் வீட்டில் அவள் ஒருநாளும் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. நேற்று அடுப்படியில் மெதுவாகப் பாடினாள். அவள் பாடுகிற காலம்வரை நான் அவளுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
செல்லம்மாள்