தெற்கு எல்லையில் ஏகாம்பரம்

ஆடி வெள்ளி, இரவு

என் கொள்ளுத்தாத்தா ஏகாம்பரத்தின் பெயரைத் தேடி இரண்டு வருடமாகப் பதிவு அலுவலகத்துக்கு அலைகிறேன். தறிக்கு லீவு விடும் அமாவாசை எல்லாம் அங்கேதான் போனது. ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு நஸ்ரின் போன மாதம்தான் தேட ஆரம்பித்தாள். இன்று வெள்ளைக்காரன் காலத்து உயில் ஒன்றின் நகலோடு வந்து நிற்கிறாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா எழுதியதாம். வீடு, கடை, கிணறு எல்லாம் அதில் இருக்கிறது.

அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "நீயும்தான் ரெண்டு வருஷமா போய்க்கினு இருக்கிற, என்னத்தைக் கண்டுபுடிச்ச?"

"உங்க ஆளும் இதுல இருக்காரு, பாருமா" என்று என்னிடம் சொன்னாள் நஸ்ரின். அந்த வீட்டின் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில் விரலை வைத்தாள். தெற்கே, நெசவாளி கந்தப்பன் மகன் ஏகாம்பரம் வாடகைக்கு இருக்கும் குடிசை.

அவரேதான். அவருடைய அப்பா பெயரும் சரி. நான் இத்தனை நாளும் சொத்து வைத்திருந்தவர்களுக்குள்ளேயே அவரைத் தேடியிருக்கிறேன். கிடைத்ததுதான் கிடைத்தார், அவள் கையாலா கிடைக்க வேண்டும்? அதுவும் அவள் வீட்டுக்கு எல்லையாகவா?

"கண்ணாடி போடல, அப்புறம் பாக்கறேன்மா" என்று உள்ளே வந்துவிட்டேன். கண்ணாடி தலைமேல்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். அவர் பெயரை இன்னொரு முறை பார்க்கக் கை துடிக்கிறது. திறந்தால் நீல டிக் விழும். எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.