மனாவுஸிலிருந்து தபதிங்காவுக்கு இரண்டு மணி நேரம்

மே 12, செவ்வாய்

விடியலிலிருந்தே மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நனைந்து வந்ததுதான் மிச்சம்.

வெளிநாடு கிளம்பிப் போன இவரிடமிருந்து இன்னும் போன் இல்லை. கடைசியாக சனிக்கிழமை மெசேஜ்: "பிரேசில்ல மனாவுஸ்ல இருந்து தபதிங்காவுக்கு கெளம்புறோம். போய்ச் சேந்து பேசுறேன்." கொழுந்தன் ரவி போனில் தேடிக் காட்டினான். ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பிளேனில் இரண்டு மணி நேரம். யட்டியாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸே அதைவிட இழுக்கும்.

பிறகு எங்கே போனார் மனுஷன்?

அரிசி. மண்ணெண்ணெய். மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி. ஒன்றும் வாங்கவில்லை.

இவரை அனுப்பிய ஏஜென்ட் அந்தோணி போனில்: "பொறுங்கக்கா, அந்த ரூட் அப்படித்தான்." பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் மூக்கு ஒழுகத் திரிந்த பயல். பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும்.

மே 13, புதன்

வெயில். பாலை எடை போட்டுக் கொடுத்ததும் வாளியோடு நேரே கடைவீதிக்கு, அந்தோணியின் ஆபீசுக்கு. நானும் ரவியும்.

அந்தோணி எழுந்து நின்றான். "அக்கா, அவங்க ஆத்துல போறாங்க. போட்டுல. ஒரு கிழம ஆகும். நடுவுல சிக்னல் இல்ல."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கிழமையாடா?" ரவி போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "பிளேன் இருக்கையில எவன்டா ஆத்துல போவான்? எங்கண்ணன் பொணத்த எங்கடா போட்டீங்க?"

"மாதா சத்தியமா..."

முடிக்கவில்லை. ரவி குத்தியதில் கண்ணாடி அலுமாரி நொறுங்கியது. மேசைக்கடியில் ஊர்ந்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். நான் வாளியால் அடித்தேன். காதுக்கு மேலே. ஒரு தடவை இல்லை. வாளியில் மிச்சமிருந்த பாலும் ரத்தமும் சேர்ந்து தரையெல்லாம். நன்றாக இருந்தது எனக்கு. வயிறு நிறைந்த மாதிரி.

மே 14, வியாழன்

அந்தோணி அவிசாவளை ஆஸ்பத்திரியில். நினைவு இல்லையாம். ரவி தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒளிந்திருக்கிறான்.

போலீஸ் வந்தது. "கவுத கெஹுவே?" யார் அடித்தது என்று சிங்களத்தில் அதட்டல். "தன்னே நே" என்றேன். தெரியாதாம் எனக்கு.

வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். விளிம்பு நெளிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை கேட்டால் கல்லில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அந்தோணி செத்துத் தொலையட்டும். என் புருஷனைத் தின்றவன்.

மே 16, சனி

தூறல். காலையில் அந்தோணி செத்துப்போனான். கடைவீதியில் வெள்ளைக்கொடி கட்டுகிறார்கள். அவன் அம்மா அலறுவது பக்கத்து லயத்திலிருந்து இங்கே கேட்கிறது. காதைப் பொத்திக்கொண்டு சோறு வடித்தேன். ரவியைப் பிடித்துவிட்டார்களாம்.

சாயந்தரம் போன். தெரியாத நம்பர்.

"மல்லிகா, நான்தான். வந்து சேந்துட்டேன் புள்ள. ஆறா அது, கடலு! பெரியாளுக எல்லாம் தூளி கட்டித் தொங்கிக்கிட்டே வந்தோம். பிளேன்ல ஏறுனா பேப்பர் கேட்டுப் புடிப்பாங்கன்னு அந்தோணிதான் போட்டுல ஏத்திவிட்டான்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"ஏன் அழுவுற? நல்லாத்தான இருக்கேன். அந்தோணிக்கு அடிக்கிறேன், போன எடுக்கவே மாட்டேங்கிறான். ஒரு எட்டு போய் அவன்கிட்ட சொல்லிரு."

போகிறேன் என்றேன்.