மாதிரி சிடியில் மூன்று தட்டு

இதெல்லாம் ஒருநாள் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். பழைய வீடியோ ஃபார்மட் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், கல்யாண சிடியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே முழிக்கும் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் பேசியபோது, பத்துப் பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். சரி, உன்னிடம் எதற்கு மறைப்பது? சொன்னவன் நீ. மறுநாள் அதை என் சொந்தச் சரக்காக டீக்கடையில் அவிழ்த்தவன் நான்.

இன்று காலை உன் மகள் சுமதி துவாக்குடியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். உன் கேமரா பையின் உள்ளறையில் கிடந்ததாம். ஒரு சிடி. அதன்மேல் மார்க்கரில் உன் கோணல் எழுத்து: மாதிரி. ஸ்ரீரங்கத்து வீட்டில் காபியோடு உட்கார்ந்திருந்த நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

நாம் இருவரும் கல்யாண வீடியோ எடுத்துத் திரிந்த காலத்தில், எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தச் சிடியைத்தான் முதலில் அவர்கள் டிவிடி ப்ளேயரில் போடுவாய். முக்கொம்புப் பாலத்தில் கட்டம் போட்ட சட்டையோடு நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாய். எண்ணுக்கு ஒரு கைத்தட்டு. அதே துண்டுக் காட்சி வேறு வேறு ஃபார்மட்டில் வரிசையாக ஓடும். எதில் சட்டைக் கட்டம் நெளியவில்லையோ, கை சேர்வதும் சத்தம் கேட்பதும் ஒன்றாக நடக்கிறதோ, அந்த ஃபார்மட்டில்தான் அந்த வீட்டுக் கல்யாணத்தைப் பதிந்து கொடுப்போம். "முதல்ல என்னைப் போட்டுப் பாரு மாப்ளே, அப்புறம் அவங்களைப் போடு" என்பாய்.

உப்பிலியபுரத்தில் ஒருமுறை, நீ வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் நேராகக் கல்யாண சிடியையே போட்டேன். "என் கை பட்டா எந்த ப்ளேயரும் ஓடும்" என்று சொல்லியும் வைத்தேன். படம் சில்லுச் சில்லாக உடைந்தது. மாப்பிள்ளையின் தலை ஒரு மூலையில், மாலை ஒரு மூலையில். பெண்ணின் பெரியப்பா முன்னால் குனிந்து, "ஏங்க, இது எங்க வீட்டு மாப்பிள்ளைதானா, இல்ல வேற வீட்டுதா?" என்றார். கூடமே சிரித்தது. நீதான் முன்னால் வந்து, "தப்பு என்னோடதுங்க, வேற கொண்டாந்து தரேன்" என்றாய். திரும்பும் பஸ்ஸில்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்டு ஏறி இறங்கியதால்தான் அப்படி ஆனது என்று துறையூர் தாண்டும்வரை நான் உனக்கு விளக்கிக்கொண்டு வந்தேன்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு சுமதி வந்து கேட்டாள். "மாமா, அப்பா பேசுற மாதிரி ஏதாவது இருக்கா? எல்லாக் கல்யாணத்துலயும் கேமராவுக்குப் பின்னாடியேதான் இருக்காரு."

"உங்கப்பா படம் என்கிட்ட மணிக்கணக்கா இருக்கும்மா" என்றேன்.

இருந்தது அந்த மாதிரிக் காட்சி மட்டும்தான். நம் வீடியோ கடைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, போனில் ஓடும்படி மாற்றினேன். மாற்றியதை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் போதும். பார்க்காமலே கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டேன். அவள் கையில் கொடுத்து ஓடவிட்டபோது படம் வந்தது. சத்தம் வரவில்லை.

"அப்பா என்ன மாமா சொல்றாரு?"

தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "உன் பேரைத்தாம்மா. சுமதி, சுமதி, சுமதின்னு சொல்லிச் சொல்லித் தட்டுறான். நீ அப்ப கைக்குழந்தை."

அவள் உன் மகள், விடுவாளா. "சுமதின்னா ஒவ்வொரு தடவையும் உதடு ஒட்டணுமே. மூணாவது தட்டுக்கு மட்டும்தானே மாமா ஒட்டுது?"

"பழைய ஃபார்மட்டும்மா. நடுநடுவுல உதட்டை முழுங்கிடும். சத்தத்தையும் அதுதான் தின்னுடுச்சு."

நம்பிவிட்டாள். அவளுடைய குட்டிப்பெண்ணும் அந்தப் படத்தைப் பார்த்தே தட்டக் கற்றுக்கொண்டாள். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக்கு வந்திருந்தபோது படித்துறையில் நின்று, "தாத்தா இப்புடி" என்று ஒவ்வொரு தட்டுக்கும் அம்மா பெயரைச் சொன்னாள். சுமதி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வரத்து பற்றி யாரிடமோ பெரிதாகப் பேசினேன்.

இன்றைய போட்டோவுக்குக் கீழே எழுதியிருக்கிறாள். பழைய ஃபார்மட் எல்லாம் ஓடுகிற ஒரு ப்ளேயரை லேப்டாப்பில் ஏற்றிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறாளாம். "அப்பா என் பேரைச் சொல்றதை உங்க கூட உக்காந்துதான் கேக்கணும் மாமா."

என்னிடம் சரக்குக்குப் பஞ்சமா? சிடி பூசணம் பிடித்திருக்கும், போட்டால் லேப்டாப்பே போய்விடும் என்று டைப் அடித்துவிட்டேன். அனுப்பினால் நம்புவாள். நம்பினால் உன் குரலை அவள் கேட்கவே போவதில்லை. எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது. "மூணு" என்பதை மட்டும் கொஞ்சம் இழுப்பாய், பின்னால் முக்கொம்பு அணை ஷட்டரில் தண்ணீர் விழும் சத்தம். அதைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஒரே ஆள் நானாகவே இருந்துவிட்டால், அது உனக்குச் செய்கிற காரியமா?

அடித்ததை அழித்தேன். போன் போட்டேன்.

"சொல்லுங்க மாமா" என்றாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"சுமதி, அந்தச் சிடியைப் போடுறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அதுல உங்கப்பா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறான். சத்தம் சரியா வருதான்னு பார்க்குறதுக்கு எடுத்தது. சத்தத்தைத் தொலைச்சது ஃபார்மட் இல்லம்மா, நான்."

மிக்ஸி நின்றது.

"அப்ப என் பேரு?"

"அது நானாச் சேர்த்தது" என்றேன்.