பால்கனிக் கதவு

அன்பு மகளுக்கு,

காலையில் போன் செய்து, "பால்கனிக் கதவைப் பூட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாய். அதைத்தான் இப்போது வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன்.

உன் வீட்டுப் பால்கனித் தடுப்புக்குக் கம்பி அடித்த பெண், "உங்க அப்பாகிட்டதான் வெல்டிங் படிச்சேன்" என்றாளாமே. நீ அதைப் பெருமையாகச் சொன்னாய்.

எங்கள் கல்லூரிப் பட்டறையில் நாற்பது பேருக்கு ஓடுகிற மெஷின் ஒன்றுதான். அதையும் நான்தான் பிடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் கரண்ட் இல்லாத வெல்டிங் ராடைத் தகட்டின்மேல் நகர்த்திக் கை பழகினார்கள். அந்தப் பெண்ணும் நெருப்பில் ஒரு இணைப்பைக்கூடப் பற்றவைத்ததில்லை. முதல்வரிடம் மூன்று முறை மெஷின் கேட்டேன்.

"அட்ஜஸ்ட் பண்ணுங்க சார். யாராவது ஃபெயிலானா கோர்ஸையே மூடிடுவாங்க."

இருநூறு மணி நேரப் பயிற்சி முடித்ததாக எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டேன்.

உன் பால்கனிக் கம்பியின் இணைப்புகள் வெளியே வழவழவென்றுதான் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. நாளை என் மெஷினோடு வருகிறேன். அதுவரை சாவியை உயரத்தில் வை, பேத்தி நாற்காலி போட்டு ஏறுகிறவள். அந்தப் பெண்ணைத் திட்டாதே. தனக்குத் தொழில் தெரியும் என்றுதான் அவள் நம்புகிறாள்.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மற்ற முப்பத்தொன்பது பேர் எந்தெந்த வீட்டில் கம்பி அடித்தார்களோ, அங்கெல்லாம் யாரைக் கூப்பிட்டுச் சொல்வேன்?

அப்பா