பம்பு நின்ற பிறகு

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மகள் போன் செய்தாள். பதினைந்தாம் தேதி கைக்குழந்தையோடு ரயிலில் வருகிறாளாம். என் வீட்டுக்கல்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம் மாமியார் வீட்டுக்கு.

"ஸ்டேஷனுக்கு நான் வரேம்மா" என்றேன்.

"வேண்டாம் மாமா, டாக்ஸி புடிச்சுக்கறேன். போன தடவை உங்க கார்ல பாப்பா வெந்தே போயிட்டா."

"அட, ஏசி சரி பண்ணியாச்சும்மா! உள்ள உக்காந்தா ஸ்வெட்டர் கேப்ப."

"நெஜமாவா? அப்ப சரி, வாங்க."

அந்த ஏசி மூச்சு விட்டே மூன்று கோடை ஆகிறது. அதனால் என்ன? வாய் முதலில் போகும், கை பின்னால் வரும். என் வழி அதுதான்.

மார்ச் 6, வெள்ளி

ஏசி மெக்கானிக்கைத் தெருவே 'கூலிங்' என்றுதான் கூப்பிடும். வந்து பார்த்தார். உள்ளே கேஸ் துளியும் இல்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் வேக்கம் பம்பு, ஊசி மீட்டர், கேஸ் சிலிண்டர், அதை நிறுக்கத் தராசு எல்லாம் தந்தார்.

"பம்பு உள்ள இருக்கற காத்து, ஈரம் எல்லாத்தையும் உறிஞ்சிடும். அப்புறம் வால்வ மூடி, பம்ப நிறுத்திட்டு அரை மணி சும்மா உக்காருங்கண்ணே. ஊசி ஏறினா எங்கயோ லீக்கு. ஏறலன்னா கேஸ் விடலாம். சும்மா உக்கார்றதுதான் இதுல வேலையே."

"தம்பி, நான் கப்பல் ஏசியையே பிரிச்சுப் போட்டவன்" என்றேன். கப்பலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

மார்ச் 8, ஞாயிறு

பம்பு ஓடியது. அடடா, என்ன சத்தம்! சமையலறையில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. என் மனைவி கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, என் பழைய சாகசங்களை எல்லாம் பம்புக்குச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டது. தேவைக்கு மேலேயே ஓடவிட்டேன்.

நிறுத்தினேன். குழாய் சொட்டுவது கேட்டது. உள்ளறைக் கடிகாரம் கேட்டது. சட்டென்று எழுந்து கேஸ் விட்டுவிட்டேன்.

ஜில்லென்று வந்தது! கூலிங்குக்குப் போன் போட்டேன்.

"அரை மணி உக்காந்தீங்களாண்ணே?"

"ஒரு மணி நேரம்! ஊசி கல்லுல செதுக்கின மாதிரி நின்னுச்சு."

மார்ச் 11, புதன்

காற்று வெதுவெதுப்பாக வருகிறது. சனியன்.

மார்ச் 12, வியாழன்

கூலிங் வந்தார். சோப்பு நுரை தடவினார். குழாய் இணைப்பில் குமிழி கிளம்பியது. மிச்ச கேஸைத் தன் மெஷினில் இழுத்துக்கொண்டு, கிழிந்திருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார்.

"உக்காந்திருந்தா ஊசியே சொல்லியிருக்கும். கேஸும் மிஞ்சியிருக்கும். ஏண்ணே உக்காரல?"

"அவசரம்ப்பா."

வேற என்னத்தச் சொல்றது? பம்பு நின்னா வீட்டுல யாரும் இல்லன்னா?

நாளை மறுநாள் விட்டால் நேரம் இல்லை. அக்கா மகளைப் புழுக்கத்தில் ஏற்றினால் இனி என் வண்டிப் பக்கமே வர மாட்டாள்.

மார்ச் 14, சனி

மறுபடி பம்பு. மறுபடி நிறுத்தினேன்.

உட்கார்ந்தேன். குழாய் சொட்டியது. பேச்சு வாய் வரை வந்தது, யாரிடம்? ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி. நிஜமான அரை மணி. ஊசி அசையவில்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, தராசைப் பார்த்துப் பார்த்து, நீல வால்வு வழியாக மெல்ல மெல்ல கேஸ் விட்டேன். விரல் விறைக்கிற குளிர். இதில் கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது திருப்பத்திலேயே பாப்பா தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவும், கண்ணாடியில் தலை சாய்த்து. கப்பல் கதை, ஊசிக் கதை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாயே திறக்கவில்லை.

மாமியார் வீட்டுத் தெரு வந்தது. திரும்பவில்லை. பாலம் வரை போய் இன்னொரு சுற்று சுற்றினேன்.

விழித்துக்கொண்டாள். "என்ன மாமா, இவ்ளோ நேரம்?"

"பாலத்துல ஒரே நெரிசல். லாரி, யானை, எல்லாம் நிக்குது."

சிரித்தாள். "திரும்பறப்பவும் நீங்களே வந்துடுங்க மாமா. பாப்பா இப்படித் தூங்கினதே இல்ல."

அவர்களை இறக்கிவிட்டு, என் வீட்டு வாசலில் வந்து எஞ்சினை அணைத்தேன். குளிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உடனே இறங்கிப் போகத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.